இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று

முன் சீட்டில் அந்த அம்மா சொன்னது உங்கள் காதில் விழுந்ததா அக்கா? "ஊத்தாங்கல்பட்டி கவர்மெண்ட் ஸ்கூல்ல பத்தாவதுல அம்புட்டுப் பேரும் பாஸாமே. யாரோ அருள்ராஜ்னு ஒரு சாராம், கணக்குல புலியாம்" என்றார்களே, அதுதான்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேனா? மன்னித்துக்கொள்ளுங்கள். பொதுவாக நான் பஸ்ஸில் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. வீட்டிலேயே அம்மா கேட்பார், "ஒன் வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?" என்று. ஆனால் புலி என்று சொன்னதும் தாங்க முடியவில்லை. அந்தப் புலி போன வருஷம் முழுக்க ஊத்தாங்கல்பட்டிப் பக்கமே வரவில்லை. மாற்றுப்பணி என்று மாவட்டத்தில் ஏதோ ஓர் ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. கணக்கு எடுத்தது நான். எம்.எஸ்ஸி., பி.எட். பெயர் ரேணுகா.

நீங்கள் இறங்குவது வேடசந்தூரா, திண்டுக்கல்லா? திண்டுக்கல்லா, நல்லது. அப்படியானால் முழுதாகச் சொல்லிவிடலாம். நானும் அங்கேதான் போகிறேன். ஒரு தனியார் பள்ளியில் இண்டர்வியூ. பாதி வருஷத்தில் யாரோ ஒரு டீச்சர் நின்றுவிட்டார்களாம்.

எனக்கு நடந்தது அநியாயமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் பள்ளி ஆறாவதிலிருந்து பத்தாவது வரை. மொத்தமே தொண்ணூற்றாறு பிள்ளைகள். மானியம் தலை எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வரும். நூறுக்குக் கீழே போனால் வருகிற பணம் சாக்பீசுக்கும் கரண்ட் பில்லுக்கும் சரியாகப் போகும். ஓடு உடைந்தால் ஹெச்.எம். தன் கையிலிருந்து போடுவார். ஹெச்.எம். ஞானப்பிரகாசம் சார். அவரைப் பற்றி நான் தப்பாகச் சொல்ல மாட்டேன். மழை வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஏணி வைத்து ஏறித் தார்ப்பாய் போடுவார். பிள்ளைகள் கீழே நின்று, "சார், பாத்து சார், ரிட்டையர்மெண்ட்டுக்கு ரெண்டு வருசம் இருக்கு சார்" என்று கத்துவார்கள். அவரும் மேலேயிருந்து, "போய்ப் படிங்கடா, நான் விழுந்தா லீவுன்னு பாக்குறீங்களா?" என்பார்.

அருள்ராஜ் சார் போனதால் கணக்குக்கு ஆள் இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் என்னைப் போட்டார்கள். சம்பளத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், விடுங்கள். பதிவேட்டில் கணக்கு ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருந்தது. நான் பெயரில்லாமல் போய் வந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்தில் இருக்கிற நூல் மில்காரர்கள் வந்தார்கள். மூன்று வகுப்பறை, ஒரு ஆய்வகம் கட்டித் தருகிறோம் என்றார்கள். ஆனால் மில்லில் ஒரு வழக்கமாம், நூறு சதவீதம் காட்டுகிற பள்ளிக்குத்தான் கொடுப்பார்களாம். சுவரை எழுப்பினார்கள். அதோடு நிறுத்திவிட்டார்கள். ரிசல்ட்டைப் பார்த்துவிட்டுக் கூரை போடுகிறோம் என்றார்கள். கேட்டிருக்கிறீர்களா இப்படி? வருஷம் முழுக்க நாலு மொட்டைச் சுவர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. பத்தாவதுப் பையன்கள் அதற்குள் நின்று வானத்தைப் பார்த்து, "டேய், ஒன் மார்க்குல ஒரு ஓடு மாட்டுவாங்கடா, என் மார்க்குல ஒரு ஓடு" என்று பேசிக்கொள்வார்கள்.

பத்தாவதில் இருபத்துநாலு பேர். நான் எடுக்கப் போனபோது காலாண்டில் கணக்கில் ஒன்பது பேர்தான் பாஸ். மெல்லக் கற்பவர்கள் என்று பட்டியல் போட்டால் வகுப்பே அதில் இருக்கும். அவர்களை எப்படிக் கரையேற்றுவது என்று கணக்கு எடுக்கிற எல்லோருக்கும் தெரியும். வரைபடம் எட்டு மார்க், வடிவியல் வரைவது எட்டு மார்க், ஒரு மார்க் கேள்வி பதினான்கு. இதைப் பிடித்துக்கொண்டால் முப்பத்தைந்துக்கு அருகில் வந்துவிடலாம். காலையில் எட்டரைக்கு வரச் சொன்னேன். சனிக்கிழமையும் வரச் சொன்னேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகச் செய்தேன். முதல் பஸ்ஸில் வந்து கடைசிப் பஸ்ஸில் போவேன். தொண்டை கட்டிப் போயிற்று.

அவர்களில் சுகப்பிரியா என்று ஒரு பெண். அவள் வேறு கதை, ஆனாலும் சொல்கிறேன். கடைசி பெஞ்ச். வாய் ஓயாது. வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொன்னால், "டீச்சர், இந்த எக்ஸுக்குச் சொந்த ஊரே கிடையாதா? நேத்து மூணுன்னீங்க, இன்னிக்கு ஏழுங்குறீங்க. வாடகை வீட்டுல இருக்கா?" என்பாள். வகுப்பே உருளும். நான் சிரிக்க மாட்டேன். திரும்பி போர்டைப் பார்த்துக்கொண்டு சிரிப்பேன்.

அவளுடைய அம்மா பஞ்சவர்ணம். பூப்பறிக்கிற வேலை. அப்பா இல்லை. மில்லுக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்ட் அந்த வீட்டுக்கு இரண்டு தடவை வந்துவிட்டான். "பிள்ளைய அனுப்புங்க, ஹாஸ்டல் இருக்கு, சாப்பாடு இருக்கு" என்று. பஞ்சவர்ணக்கா, "மொதல்ல பத்தாவது எழுதட்டும். பாஸானா மேல படிப்பா. இல்லாட்டி அப்புறம் பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இதைச் சுகப்பிரியாவே ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "எனக்கும் மில்லுக்கும் நடுவுல ஒரே ஒரு பரீட்சதான் டீச்சர் நிக்குது. அதுல கணக்கு வேற" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து எட்டரைக்கு முதல் ஆளாக வந்து நின்றாள்.

அரையாண்டில் பதினான்கு எடுத்தாள். அவளைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் எப்படியோ முப்பதைத் தொட்டுவிட்டார்கள்.

ஜனவரியில் பெயர்ப்பட்டியல் அனுப்ப வேண்டும். யார் யார் பொதுத் தேர்வு எழுதுகிறார்கள் என்று இணையத்தில் ஏற்றுகிற பட்டியல். அதில் பெயர் இருந்தால்தான் தேர்ச்சி சதவீதத்தில் சேரும். இருபத்துநாலு பேர் இருந்து இருபத்துமூன்று பேர் பாஸானால் தொண்ணூற்றைந்து புள்ளி எட்டு. இருபத்துமூன்று பேர் இருந்து இருபத்துமூன்று பேரும் பாஸானால் நூறு. எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சார் சொன்னார். எனக்கு என்ன தெரியும், நான் புதுசு.

திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டார். "ஏம்மா ரேணுகா, சுகப்பிரியா அரையாண்டுல கணக்கு பதினாலுதானே?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

அதுதான் உண்மை. நான் பொய் சொல்லவில்லை. முந்தைய சனிக்கிழமை நான் ஒரு மாதிரித் தேர்வு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே திருத்தி முடித்துவிட்டேன். அதில் சுகப்பிரியா முப்பத்தேழு. வரைபடத்துக்கு எட்டுக்கு எட்டு. பென்சிலைக் கூராகச் சீவி, புள்ளியெல்லாம் கடுகு மாதிரி வைத்திருந்தாள். அந்தக் கட்டு என் பையில்தான் இருந்தது, சார் மேசைக்கு முன்னாலேயே இருந்தது. ஆனால் அவர் அதைக் கேட்கவில்லையே. அரையாண்டைத்தானே கேட்டார்? கேட்டிருந்தால் நான் எடுத்துக் காட்டியிருப்பேன். பெரியவர்கள் பேசும்போது நடுவில் புகுந்து பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. அது என் சுபாவம்.

அதோடு ஒரு தடவை முப்பத்தேழு எடுத்தால் மறுபடியும் எடுப்பாள் என்று யார் உறுதி சொல்ல முடியும்? அவள் பெயிலாகிவிட்டால் யார் தலையில் விழும்? கணக்கு டீச்சர் தலையில்தானே. சார் அன்றைக்கு வேறு சொன்னார், "நூறு மட்டும் வரட்டும்மா. மில்லுக்காரங்ககிட்ட பேசி ஒனக்கு ஒரு நெரந்தரமா ஏற்பாடு பண்ணித் தர்றேன்" என்று. அதற்காக நான் பேசாமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். சும்மா, அவர் சொன்னதைச் சொன்னேன்.

சார் சொல்லி அனுப்பி, மதியம் பஞ்சவர்ணக்கா வந்தார். பூக்கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார். கையெல்லாம் மல்லிகை வாசம். சார் நல்லபடியாகத்தான் பேசினார்.

"பிள்ளைக்குப் படிப்பு ஏறலம்மா. பெயிலானா அவளுக்குத்தான் மனசு ஒடஞ்சிரும். இப்ப டிசி வாங்கிக்கிட்டா அடுத்த வருசம் தனியா எழுதிக்கலாம்."

"தனியான்னா? எங்க?"

"டவுன்ல எழுதலாம். தனித்தேர்வர்னு இருக்கு."

"யாருங்கய்யா கூட்டிட்டுப் போவா? யாரு சொல்லிக் குடுப்பா?"

சார் என் பக்கம் திரும்பினார். "ரேணுகா, நீயே ஒரு லெட்டர் எழுதிரும்மா. ஒன் கையெழுத்து நல்லாருக்கும்" என்றார்.

என் கையெழுத்து நல்லாயிருக்கும் அக்கா. கல்லூரியில் பரிசு வாங்கியிருக்கிறேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகளின் படிப்பைத் தொடர இயலாததால்' என்று சார் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் எழுதினேன், அவ்வளவுதான். யாருக்கும் எதையும் நான் முடிவு செய்யவில்லை. பஞ்சவர்ணக்காவுக்குக் கையெழுத்துப் போட வரும், படிக்க வராது. "என்னாம்மா எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

"டிசி கேக்குறதுதான்க்கா" என்றேன்.

"நீ சொன்னா சரிதான் டீச்சரு" என்று பெயரை எழுத்துக் கூட்டிப் போட்டார்.

வெளியே வந்தால் சுகப்பிரியா ஜன்னல் ஓரமாக நிற்கிறாள். உள்ளே பேசியது அவளுக்குக் கேட்டிருக்கும். அழவில்லை. என்னைப் பார்த்து, "டீச்சர், சனிக்கெழம பேப்பர் திருத்திட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

பிறகு என்ன சொல்வது? முப்பத்தேழு என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் கஷ்டமாகத்தானே இருக்கும். அவள் மனசு நோகக் கூடாது என்றுதான். அவள் தலையை ஆட்டிவிட்டு அம்மாவுக்குப் பின்னால் போனாள். கூடையை அவள்தான் தூக்கிக்கொண்டாள். அந்த வாரமே ஏஜெண்ட் வந்து மில் ஹாஸ்டலுக்குக் கூட்டிப் போய்விட்டான் என்று பிள்ளைகள் சொன்னார்கள். பேப்பர் கட்டை வகுப்பில் கொடுத்தபோது மிச்சமாக நின்ற அவள் பேப்பரை யாரோ எடுத்துக்கொண்டு போய் அவளிடம் சேர்த்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன்.

சரி, அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது என் விஷயம்.

மே மாதம் ரிசல்ட். இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று. கணக்கில் இரண்டு பேர் தொண்ணூறுக்கு மேல். சார் எனக்குப் போன் போட்டு அழுதார், நிஜமாகவே அழுதார். "கூரை வந்திருச்சும்மா" என்றார். நான் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது மறுபடியும் போன். "அருள்ராஜ் திரும்பி வர்றாரும்மா. கணக்குக்கு ஆள் இருக்குறப்ப கழகத்துல பணம் ஒதுக்க முடியாது. நீ இனிமே வர வேண்டாம்." அவ்வளவுதான் அக்கா. என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? நான் என்ன செய்தேன், எப்படிப் பாடுபட்டேன் என்று யாராவது எடுத்துச் சொன்னார்களா? மற்ற டீச்சர்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு இருந்தார்களே தவிர ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. தெரிந்த மனிதர்கள் இப்படிச் சும்மா இருப்பார்களா? ஒரு சொல் சொன்னால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

ஆகஸ்டில் கட்டடத் திறப்பு விழா. வாட்ஸப் குரூப்பிலிருந்து என்னை நீக்க மறந்துவிட்டார்கள், அதனால் எனக்கும் அழைப்பு வந்தது. போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மாதான், "நீ உண்டாக்குன கட்டடம், போய்ப் பாத்துட்டாவது வா" என்றார்.

போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கூட்டம் காணாது என்று மில்காரர்கள் இரண்டு பஸ்ஸில் தங்கள் ஹாஸ்டல் பெண்களை இறக்கியிருந்தார்கள். எல்லோரும் நீலக் கோட்டு, தலையில் துணித் தொப்பி. பக்கத்தில் சூப்பர்வைசர் அம்மா. முகமெல்லாம் ஒரே மாதிரி இருந்தது. மூன்றாவது வரிசையில் ஓரத்தில் சுகப்பிரியா. இளைத்திருந்தாள். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ரிப்பன் வெட்டினார்கள். கல்வெட்டுத் திறந்தார்கள். மில் ஜி.எம். மைக்கைப் பிடித்து, "இருபத்துமூன்று பேர் எழுதி இருபத்துமூன்று பேரும் தேர்ச்சி! இந்தச் சாதனைக்குக் காரணமான கணித ஆசிரியர் அருள்ராஜ் அவர்களுக்குப் பொன்னாடை" என்றார். அருள்ராஜ் சார் எழுந்து நின்று கும்பிடுகிறார். கூச்சமே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் நான் என்ன செய்ய முடியும்? அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று நான்தான் என்று சொல்ல எனக்கு வருமா?

அப்போதுதான் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அந்தச் சார் இல்லீங்க. கணக்கு எடுத்தது ரேணுகா டீச்சர். அதோ பின்னாடி உக்காந்திருக்காங்க."

சுகப்பிரியா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சூப்பர்வைசர் அம்மா அவள் கோட்டைப் பிடித்து இழுக்கிறார். அவள் உட்காரவில்லை. கூட்டம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஜி.எம். நல்ல மனிதர்தான், சிரித்துவிட்டார். "அட, நம்ம மில்லுப் பொண்ணு! நீ இந்த ஸ்கூலா? அப்ப நீயும் இந்த இருபத்துமூணு பேர்ல ஒருத்தியா? கணக்குல எத்தனை மார்க்கும்மா?" என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

ஞானப்பிரகாசம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். யாரோ மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஸ்பீக்கர் கரகரவென்று இரைந்தது. கட்டடம் புதுசு, பெயிண்ட் வாசம் போகவில்லை. சின்னப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நான் யோசித்தேன். யோசித்துத்தான் பேசினேன்.

"எல்லாருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் அவர்களுக்கும் மில் நிர்வாகத்துக்கும் நன்றி" என்றேன்.

கை தட்டினார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அருள்ராஜ் சாருக்குப் போட்டதைக் கழற்ற முடியாதே, அதனால் ஜி.எம். தன் தோளில் கிடந்த இன்னொரு பொன்னாடையை எடுத்து எனக்குப் போட்டார். போட்டோ எடுத்தார்கள். நான் குனிந்த தலை நிமிரவில்லை.

நிமிர்ந்தபோது சுகப்பிரியா வரிசையில் இல்லை. நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து, ரிப்பன் துண்டுகளைத் தாண்டி, புதுக் கட்டடத்துக்குள் போய்க்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு என்று எழுதியிருந்த அறையில் நுழைந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் அம்மா வாசலில் நின்று, "ஏய், ஷிப்ட்டுக்கு நேரமாச்சு, வாடி" என்று கூப்பிட்டார். ஞானப்பிரகாசம் சார் மேடையிலிருந்து இறங்கிப் போய், "எந்திரிம்மா" என்றார். மில் பஸ் ஹாரன் அடித்தது. நீலக் கோட்டுப் பெண்கள் எல்லோரும் ஏறி முடித்த பிறகு மறுபடியும் அடித்தது.

சுகப்பிரியா போர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை.